தோன்றா எழுவாய்: ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரி ஊரின் தொடக்க வரலாறு

ஊர்கள் நீரை நாடித் தோன்றுகின்றன. ஆறும் குளமும் ஊற்றும் இருந்த இடங்களில் மக்கள் குடியேறினர். அவற்றின் பெயரையே தம் ஊருக்கும் இட்டு வழங்கினர். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள ராக் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின் பெயரும் அவ்வாறு அமைந்ததே. 'பாறை ஊற்று' என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அவ்வூர் வாழ்ந்தது நிலக்கரியால். கரிக்காகத் தோண்டப்பட்ட சுரங்கங்களும் கிணறுகளும் நிலத்தடி நீரை வடித்துவிட, ஊருக்குப் பெயர் தந்த ஊற்று விரைவிலேயே மறைந்தது. இன்று அவ்விடத்தில் காணப்படுவது பிற்காலத்தார் செயற்கையாக அமைத்த ஊற்றாகும்.

பெயர் தந்த ஊற்றை இழந்த அவ்வூர், தன் சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோரையும் ஒரே நாளில் கொன்றும் துரத்தியும் இழந்தது. அந்த நாள் 1885 செப்டம்பர் 2. அந்நாளை நோக்கி அவ்வூர் எவ்வாறு நகர்ந்தது என்பது வரலாற்றின் ஒரு பாதி. அந்நாளைப் பற்றி யார் எவ்வாறு எழுதி வைத்தனர் என்பது மறுபாதி. எழுத்தைப் பொறுப்பாகக் கருதுவோர்க்கு இரண்டாம் பாதி முதற்பாதியைப் போலவே இன்றியமையாதது.

கசப்போடைப் பள்ளத்தாக்கு

ராக் ஸ்பிரிங்ஸ் கடல் மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கும் மிகுந்த உயரத்தில், மழை குறைந்த, மரம் அரிதான மேட்டு நிலத்தில் அமைந்தது. அதன் நடுவே ஓடும் ஓடைக்குப் பிட்டர் கிரீக் என்று பெயர். 'கசப்போடை' என அதனைத் தமிழில் வழங்கலாம். உவர் மிகுந்த அதன் நீர் குடிப்பதற்கு உகந்ததன்று. பாலை என்று நம் இலக்கண நூலார் வகுத்த திணைக்குரிய வறட்சியும் வழிச்செல்வோர் துயரும் அப்பள்ளத்தாக்கிற்குப் பொருந்துவனவே. நெடுங்காலம் அது மக்கள் தங்கும் இடமாக இராது, கடந்து செல்லும் வழியாகவே இருந்தது.

1850இல் ஹோவர்ட் ஸ்டான்ஸ்பரி என்னும் படை அலுவலர் அவ்வழியே நில ஆய்வு செய்து திரும்பியபோது, அங்கு நிலக்கரிப் படுகைகள் வெளியே தெரிவதைப் பதிவு செய்தார். 1862இல் மேற்கு நோக்கிச் செல்லும் குதிரை வண்டித் தடம் அப்பள்ளத்தாக்கின் வழியாக மாற்றப்பட்டபோது, பாறை ஊற்றின் அருகே வண்டிகள் நின்று செல்லும் நிலையம் ஒன்று ஏற்பட்டது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிளேர் உடன்பிறப்பினர் அறுபதுகளில் அங்குக் கரி வெட்டத் தொடங்கினர். இதுவே ஊரின் விதை.

விதையை மரமாக்கியது இருப்புப்பாதை. 1862இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பசிபிக் இருப்புப்பாதைச் சட்டம், பாதை அமைக்கும் நிறுவனங்களுக்கு வழியின் இருபுறமும் நிலக்கொடை வழங்கியது. 1864ஆம் ஆண்டின் திருத்தம் அக்கொடையை இருமடங்காக்கியதோடு, கரியும் இரும்பும் உள்ள நிலங்களையும் அதில் சேர்த்தது. விறகு கிடைக்காத அவ்வெளியில் புகைவண்டி ஓட வேண்டுமாயின் கரி வேண்டும். கரி வழியிலேயே கிடைத்தது. எனவே யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பாதை 1868இல் கசப்போடையை அடைந்தபோது, ஊரும் சுரங்கமும் ஒருங்கே பிறந்தன. அடுத்த ஆண்டு மே 10ஆம் நாள் யூட்டாவில் கீழைப் பாதையும் மேலைப் பாதையும் இணைக்கப்பட்டன. இரு பெருங்கடல்களை ஒட்டிய நிலங்களை இணைத்த அந்தப் பாதையின் உலைகளுக்கு ராக் ஸ்பிரிங்ஸ் கரி ஊட்டியது.

திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர் அன்று அது. முதலில் வந்த தொழிலாளர் பலர் ஓடைக் கரையைக் குடைந்து, அக்குழிகளிலேயே குடியிருந்தனர். பகலில் மலையின் வயிற்றிலும் இரவில் கரையின் வயிற்றிலும் அவர்கள் வாழ்நாள் கழிந்தது. குடிநீரும் புகைவண்டித் தொட்டிகளில் கிரீன் ரிவர் என்னும் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. சுரங்க வாயில் எங்கு அமைந்ததோ அதனை ஒட்டி வீடுகள் எழுந்தன. அவ்வூரின் பழைய தெருக்கள் நேர்க்கோட்டில் அமையாது வளைந்து செல்வதற்கு இதுவே காரணம் என்பர்.

அறையும் கூலியும்

1868இல் சுரங்கங்களை நடத்தும் உரிமை தாமஸ் வார்டெல் என்பவருக்குப் பதினைந்து ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டது. அவர் தொடங்கிய வயோமிங் நிலக்கரி நிறுவனத்தின் பங்குகள் இருப்புப்பாதை நிறுவனத்தின் இயக்குநர் சிலரிடமே இருந்தன. இருப்புப்பாதை மிகுந்த விலை கொடுத்துக் கரி வாங்கியது. அந்த இலாபம் அதன் இயக்குநர் பைக்கே திரும்பியது. இம்முறைகேடு நாடாளுமன்ற விசாரணையில் வெளிப்பட்ட பின்னர், 1874இல் யூனியன் பசிபிக் நிறுவனம் சுரங்கங்களைத் தானே கைக்கொண்டது. அன்று முதல் கரி வெட்டுவோர்க்கும் கரி எரிப்போர்க்கும் ஒரே முதலாளி.

ராக் ஸ்பிரிங்ஸின் பின்னைய வரலாற்றை அறிவதற்குச் சுரங்க வேலையின் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். கரிப்படுகை முழுவதும் ஒரே வீச்சில் வெட்டி எடுக்கப்படுவதில்லை. மேற்கூரை சரியாதிருக்க இடையிடையே கரியையே தூண்களாக விட்டு, அவற்றின் நடுவே அறை அறையாக வெட்டிச் செல்வர். ஓர் அறை பெரும்பாலும் இருவர் பொறுப்பில் விடப்படும். அவர்கள் படுத்தும் குனிந்தும் படுகையின் அடியைக் குந்தாலியால் அரிந்து, துளையிட்டு, வெடிமருந்து வைத்துக் கரியை வீழ்த்தி, வண்டியில் ஏற்றி அனுப்புவர். கூலி நாட்கணக்கில் இல்லை. வெட்டிய கரியின் அளவுக்கே கூலி. எனவே நல்ல படுகையுள்ள அறை கிடைத்தவனுக்கு நிறைவான கூலி. கல்லும் நீரும் கலந்த அறை கிடைத்தவனுக்கு அதே உழைப்பிற்குப் பாதி வயிறு. எந்த அறை எவருக்கு என்பதை முடிவு செய்பவர் மேற்பார்வையாளர். சுரங்கத்தில் நீதி என்பது அறைப் பங்கீட்டில் இருந்தது.

பணி கடுமையாகவும் கூலி நிலையற்றதாகவும் இருந்த நிலையில் 1871இல் வேலைநிறுத்தம் எழுந்தது. வேலைநிறுத்தம் செய்தோரை நீக்கி வேறு ஆட்களைக் கொணர்ந்து நிறுவனம் அதனை முறித்தது. 1875 நவம்பரில் கூலிக் குறைப்பை எதிர்த்து மீண்டும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இம்முறை படையினர் காவலுடன் சீனத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். சுரங்கங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது அவற்றுள் இறங்கியோர் 150 சீனரும் 50 வெள்ளையரும் ஆவர். எஞ்சிய வெள்ளைத் தொழிலாளர் வேலை இழந்தனர்.

இந்த ஏற்பாட்டில் நிறுவனம் ஒரு பாடம் கற்றது; தொழிலாளர் வேறொரு பாடம் கற்றனர். ஒரு கூட்டத்தைக் கொண்டு மற்றொரு கூட்டத்தை அடக்கலாம் என்பது நிறுவனம் கற்ற பாடம். தம் கூலியைக் குறைத்தவர் தொலைநகரத்து அலுவலகத்தில் இருப்பதை மறந்து, தம் அறையில் குந்தாலியோடு நிற்பவரே பகைவர் என்பது தொழிலாளர் கற்ற பாடம். இரண்டும் பத்தாண்டுகள் அருகருகே வளர்ந்தன.

கடல் கடந்து வந்தோர்

அச்சீனர் யாவர்? அவர்களுட் பெரும்பாலோர் தென்சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தின் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர் மக்கள். உள்நாட்டுப் போரும் வறுமையும் அவர்களைக் கடலுக்கு அப்பால் தள்ளின. கலிபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கி மலைகளைக் குடைந்து பாதை அமைத்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்திற்காகப் பல்லாயிரம் சீனர் உழைத்திருந்தனர். 1868இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை சீனர் அமெரிக்காவிற்கு வந்து செல்லும் உரிமையை ஏற்றது. ராக் ஸ்பிரிங்ஸிற்கு அவர்களை வருவித்தது பெக்வித், குவின் என்னும் ஒப்பந்த நிறுவனம். ஆட்களைத் திரட்டித் தருவதும் அவர்களுக்குப் பண்டம் விற்பதும் அதன் தொழில்.

வந்தவர் கசப்போடைக்கு அப்பால் தனிக் குடியிருப்பு அமைத்துக்கொண்டனர். நிறுவனம் கட்டித் தந்த வீடுகளோடு அவர்கள் தாமே எழுப்பிய குடில்களும் அங்கிருந்தன. உள்ளூர்ப் பெண்கள் சிலர் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தனர். மனைவி மக்களைச் சீனத்தில் விட்டு வந்த ஆடவரே அவர்களுட் பெரும்பான்மையினர். ஈட்டியதை ஊருக்கு அனுப்புவதும், ஒரு நாள் திரும்பிச் செல்வதும் அவர்தம் எண்ணம்.

அவர்கள் வாழ்ந்த நிலத்தின் சட்டமோ இருமுகம் கொண்டது. 1869இல், உலகின் பல நாடுகள் எண்ணியும் பாராத காலத்தில், வயோமிங் ஆட்சிப்பகுதி பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிப் பெருமை பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்க நாடு இயற்றிய குடியுரிமைச் சட்டம், வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினருமே குடியுரிமை பெறத் தக்கவர் என வரையறுத்தது. சீனர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடிமக்கள் ஆக இயலாது. 1882இல் சீனத் தொழிலாளர் வருகையே தடை செய்யப்பட்டது. வாக்கு இல்லாதவன் துயரை எந்த ஆட்சியாளனும் கேட்க வேண்டியதில்லை. சீனர் வாழ்வு சட்டத்தின் காவலில் இல்லாது, நிறுவனத்தின் தேவையில் தங்கி நின்றது.

1883இல் நைட்ஸ் ஆஃப் லேபர் என்னும் தொழிலாளர் அமைப்பின் கிளை ஊரில் தோன்றியது. கறுப்பினத்தவரையும் பெண்களையும் உறுப்பினராக ஏற்ற அவ்வமைப்பு அக்காலத்தில் முற்போக்கானது. ஆயினும் சீனருக்கு அதன் கதவு திறக்கவில்லை. வேலைநிறுத்தத்தில் சேருமாறு வெள்ளைத் தொழிலாளர் சீனரை அழைத்ததும், சீனர் மறுத்ததும் உண்மையே. ஆனால் தம்மை உறுப்பினராகவும் குடிமக்களாகவும் ஏற்காத ஒரு கூட்டத்தின் போராட்டத்திற்காகத் தமக்கிருந்த ஒரே பிடிமானமாகிய வேலையைத் துறக்க அவர்கள் துணியாமையை எவரும் எளிதில் குறை கூற இயலாது. 1885இல் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கங்களில் வேலை செய்தோருள் சீனர் 331 பேர்; வெள்ளையர் 150 பேர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சீனரை வெளியேற்றக் கோரும் அறிவிப்புகள் எவன்ஸ்டன் முதல் ராக் ஸ்பிரிங்ஸ் வரை ஒட்டப்பட்டன. நிறுவனம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

செப்டம்பர் 2

பூசல் ஆறாம் எண் சுரங்கத்தில் காலையில் தொடங்கியது. வளமான ஓர் அறையில் கரி வெட்டும் உரிமை எவருக்கு என்பதே வழக்கு. வாய்ச்சொல் கைகலப்பாயிற்று. சீனர் இருவர் கடுமையாகத் தாக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் குந்தாலியால் தலையில் வெட்டுண்டு இறந்தார். மேற்பார்வையாளர் சண்டையை விலக்கினார். வெள்ளைத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பாது ஆயுதங்களோடு ஊருக்குள் நடந்தனர். பத்து மணியளவில் தொழிலாளர் மன்றத்தின் மணி ஒலித்தது.

பிற்பகல் இரண்டு மணியளவில் நூறு முதல் நூற்றைம்பது பேர் கொண்ட கும்பல் சீனர் குடியிருப்பை நோக்கிச் சென்றது. அவர்களுட் பலர் கையில் துப்பாக்கி இருந்தது. கும்பல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவு மரப்பாலத்தின் வழியாகவும் மற்றொன்று இருப்புப்பாதைப் பாலத்தின் வழியாகவும் நெருங்கியது. ஒரு மணி நேரத்திற்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் எனச் சீனருக்கு அறிவித்தனர். அந்த ஒரு மணி நேரமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. சுரங்கங்களின் பக்கமிருந்தும் பாலங்களின் பக்கமிருந்தும் துப்பாக்கிகள் வெடித்தன. ஓடியவர் சிலர் ஓடைக் கரையில் வீழ்ந்தனர். சிலரை மறித்துக் கடிகாரமும் காசும் பறித்துத் துப்பாக்கியின் அடிக்கட்டையால் தாக்கி விரட்டினர். வீடுகளுக்குத் தீயிட்டனர். பதுங்கியவர் பலர் வெளியே வராது உள்ளேயே வெந்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து தரைமட்டமாயின. குறைந்தது 28 பேர் இறந்தனர். 15 பேர் காயமுற்றனர்.

தப்பியோர் உவர் மேடுகளிடையே உணவும் நீரும் இன்றி அலைந்தனர். மறுநாள் முதல் புகைவண்டிகள் மெல்ல ஊர்ந்து, பாதையோரம் கண்ட சீனரை ஏற்றி மேற்கே எவன்ஸ்டனுக்குக் கொண்டு சென்றன. ஆளுநர் பிரான்சிஸ் வாரன் தலைநகருக்குத் தந்தி அனுப்பிப் படை வேண்டினார். குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்தின் ஆணைப்படி செப்டம்பர் 5ஆம் நாள் படையினர் ராக் ஸ்பிரிங்ஸ் வந்தடைந்தனர்.

செப்டம்பர் 9ஆம் நாள் நிகழ்ந்தது இத்துயரின் வேறொரு முகம். எவன்ஸ்டனில் இருந்த ஏறத்தாழ 600 சீனரைப் படைக் காவலுடன் புகைவண்டியில் ஏற்றினர். சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்கிறோம் என்று அவர்கள் நம்பினர். வண்டி நின்ற இடம் ராக் ஸ்பிரிங்ஸ். தம் வீடுகள் இருந்த இடத்தில் சாம்பலையும், அச்சாம்பலிடையே தம்மவர் உடல்களையும் அவர்கள் கண்டனர். நாய்களும் பன்றிகளும் இழுத்துச் சிதைத்த உடல்களும் அவற்றுள் இருந்தன. வீடற்ற அவர்கள் சரக்கு வண்டிகளில் தங்கினர். நிலுவைக் கூலியும் வெளியேறப் பயணச்சீட்டும் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. வேலைக்குத் திரும்பாதோர்க்கு இனி எங்கும் தன் சுரங்கங்களில் வேலை இல்லை என அறிவித்தது. கும்பல் அவர்களை வெளியேறச் சொல்லிச் சுட்டது. நிறுவனம் அவர்களை வெளியேற விடாது வேலைக்கு அழைத்தது. அவர்கள் விருப்பம் யாதென எவரும் கேட்கவில்லை.

இரு பதிவுகள்

கொலைகளுக்காக 16 பேர் கைது செய்யப்பட்டனர். குற்றம் சாட்டத் தக்க சான்று உண்டா என ஆராயும் கிராண்ட் ஜூரி எனப்படும் நடுவர் குழு கிரீன் ரிவரில் கூடியது. சாட்சிகள் பலரை விசாரித்தும், வெள்ளையர் எவரேனும் அன்று ஒரு குற்றச் செயல் புரிந்ததாகக் கூற வல்லவர் ஒருவரும் கிடைக்கவில்லை என்பது அக்குழுவின் முடிவு. எவர் மீதும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை. அக்டோபரில் விடுதலையாகி வந்தோரை ஆண், பெண், சிறுவர் எனச் சில நூறு பேர் ஆரவாரத்தோடு வரவேற்றனர்.

பட்டப்பகலில், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், நூறு பேருக்கு மேல் கூடிச் செய்த செயலைக் கண்டவர் ஒருவரும் இல்லை என அந்த ஆவணம் கூறுகிறது. அதன்படி வீடுகள் எரிந்தன, எரித்தவர் இல்லை. மனிதர் இறந்தனர், கொன்றவர் இல்லை. தமிழ் இலக்கணம் தோன்றா எழுவாய் என ஒன்றைக் கூறும். 'வந்தான்' என்னும் சொல்லில் 'அவன்' வெளிப்படாவிடினும் கேட்போர் அறிவர். தோன்றா எழுவாய் இல்லாத எழுவாய் அன்று, சொல்லப்படாத எழுவாய். நடுவர் குழுவின் ஆவணத்திலும் அவ்வெழுவாய் மறைந்துதான் நின்றது. ஊரார் அறிந்திருந்தனர், எவரும் உரைக்கவில்லை.

அந்நடுவர் குழு முடிவு கூறுவதற்கு முன்னரே வேறொரு ஆவணம் எழுதப்பட்டிருந்தது. 1885 செப்டம்பர் 18ஆம் நாள், எரிந்த குடியிருப்பின் அருகிலிருந்தே, சீனத் தொழிலாளர் 559 பேர் நியூயார்க்கிலிருந்த சீனக் கான்சல் ஹுவாங் சீ சுவெனுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். தாங்கள் எத்தனை ஆண்டுகள் அங்கு உழைத்தனர், எந்நேரத்தில் மணி ஒலித்தது, எந்தப் பாலத்தில் எந்தப் பிரிவு நின்றது, முதலில் எத்திசையிலிருந்து சுட்டனர், யார் எங்கு வீழ்ந்தனர் என்பனவற்றை அது வரிசைப்படக் கூறுகிறது. தாக்கியோர், கொள்ளையிட்டோர், கைகொட்டிச் சிரித்து நின்றோர் என அவரவர் செயலை வேறுபடுத்திக் காட்டுகிறது. தமக்கு ஆங்கிலம் கற்பித்த பெண்களுட் சிலரும் வீடு புகுந்து கைக்குட்டை முதலியவற்றைத் தேடி எடுத்தனர் என அது கூறும் இடம் படிப்போர் நெஞ்சைத் தைப்பது. கொலையைக் காட்டிலும் சிறியதாகிய அச்செயலை அவர்கள் மறவாது எழுதியதற்குக் காரணம் உண்டு. பகைவன் அடித்தது உடலில் பட்டது. பழகியவர் கை நீண்டது உள்ளத்தில் பட்டது.

விண்ணப்பத்தில் உவமை இல்லை, புலம்பல் இல்லை, சினமும் அடங்கியே ஒலிக்கிறது. ஆனால் அதன் வாக்கியங்கள் பலவற்றிற்கு எழுவாய் உண்டு. 'எரிந்தன' என்று நில்லாது 'எரித்தனர்' என்று அது கூறுகிறது. கான்சல் நேரில் வந்து தயாரித்த அறிக்கையில் இறந்தோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு உள்ளது. பெயர், உடல் கிடந்த இடம், காயத்தின் தன்மை, வயது, சீனத்தில் அவருக்கு உள்ள உறவினர் என்னும் முறையில் அவை அமைந்தன. ஓடையின் அருகே நெற்றிப்பொட்டில் சுடப்பட்டுக் கிடந்த ஒருவருக்கு வயது 36. ஊரில் தாய் உயிரோடு இருக்கிறார். மூன்றாம் சுரங்கத்திற்கும் நான்காம் சுரங்கத்திற்கும் இடையே மலையடிவாரத்தில் கிடந்தவருக்கு வயது 24. உறவினர் பற்றி இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த வறண்ட குறிப்புகளே அவர்களுக்குக் கிடைத்த இரங்கற்பா.

அமெரிக்க அரசு சட்டப்படி தனக்குப் பொறுப்பு இல்லை என வாதிட்டது. ஆயினும் நல்லெண்ணத்தின் பெயரால் 1887இல் 147,748 டாலர் 74 சென்ட் வழங்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. அத்தொகை எரிந்ததும் களவு போனதுமாகிய பொருள்களுக்கு ஈடு. உயிர்களுக்கு ஈடு கணக்கிடப்படவில்லை. சென்ட் வரை கணக்கிடப்பட்ட அந்த எண்ணும் சீனர் ஒவ்வொருவராகத் தம் இழப்பைப் பட்டியலிட்டுத் தந்தமையால் கிடைத்ததே. அவர்களுக்குக் கைகொடுத்தது அவர்கள் எழுத்து ஒன்றே.

மாறிய ஊர்

யூனியன் பசிபிக் நிறுவனம் 45 வெள்ளைத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கியது. சீனர் குடியிருப்பை மீண்டும் கட்டியது. படையினர் பைலட் பியூட் முகாம் என்னும் பெயரில் பதின்மூன்று ஆண்டுகள் அங்குத் தங்கினர். ஆனால் ராக் ஸ்பிரிங்ஸில் மூண்ட தீ அங்கேயே அணையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டன் ஆட்சிப்பகுதியின் டக்கோமா நகரிலிருந்தும், 1886 பிப்ரவரியில் சியாட்டில் நகரிலிருந்தும் சீனர் வெளியேற்றப்பட்டனர். புதியோர் வருகை தடைப்பட்டதால் ராக் ஸ்பிரிங்ஸின் சீனர் தொகையும் ஆண்டுதோறும் குறைந்தது. அவர்கள் இடத்தில் ஃபின்லாந்தினர், சுலோவேனியர், இத்தாலியர், சப்பானியர் எனப் பல நாட்டினர் வந்தனர். ஐம்பத்தாறு நாட்டினர் வாழும் ஊர் எனப் பின்னாளில் அவ்வூர் தன்னைப் பெருமையுடன் கூறிக்கொண்டது.

1907இல் நிகழ்ந்த ஒன்று இவ்வரலாற்றில் தனியே சுட்டத் தக்கது. யுனைடெட் மைன் வொர்க்கர்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அவ்வாண்டில் தென் வயோமிங்கில் வேரூன்றியது. ஆசியத் தொழிலாளரை விலக்கி வைத்தால் எந்தப் போராட்டமும் வெல்லாது என்பதை வயோமிங் சங்கத்தார் உணர்ந்தனர். ராக் ஸ்பிரிங்ஸின் சப்பானியரும் சீனரும் சங்க உறுப்பினராக ஏற்கப்பட்டனர். அக்காலத்து அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இது அரிய விதிவிலக்கு. கொலை நடந்து இருபத்திரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. அதே படுகை, அதே கரி, அதே முதலாளி. மாறியது கதவு திறந்தது ஒன்றே.

இந்நிகழ்ச்சி 1885ஆம் ஆண்டைப் பற்றியும் ஒரு செய்தி கூறுகிறது. இனப்பகை இயற்கையானது, தவிர்க்க இயலாதது என்று அன்று பலர் வாதிட்டனர். அது இயற்கையாயின் 1907இல் மறைந்திருக்க இயலாது. வறியவரை வறியவரோடு மோதவிட்ட நிறுவனத்தின் ஏற்பாடும், ஒரு சாராருக்குக் குடியுரிமை மறுத்த சட்டமும், தம் உடன் உழைப்போரை உடன்பிறப்பாகக் காண மறுத்த சங்கமும் கூடி விளைத்த விளைவு அது. எனினும் ஏற்பாடு நிறுவனத்துடையது என்பதனால் குந்தாலி ஓங்கிய கை குற்றமற்றதாகிவிடாது. காரணத்தைக் கூறுதல் வேறு. எழுவாயை மறைத்தல் வேறு. வரலாறு எழுதுவோர் முன்னதைச் செய்யும் போது பின்னதில் வழுவிவிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டீசல் எஞ்சின்கள் வந்தன. நிறுவனத்தின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தூண்கள் மட்டும் தாங்கிய வெற்று அறைகள் ஊரின் அடியில் எஞ்சின. பின்னாளில் அவற்றின் கூரைகள் சரிந்து மேலே தெருக்களும் வீடுகளும் அமிழத் தொடங்கின. அவ்வறைகளை நிரப்பும் பணி பல ஆண்டுகள் நடந்தது. 2024இல் பழைய சீனர் குடியிருப்பு இருந்த இடத்தில் தொல்லியலார் அகழ்ந்தபோது, மேல்மண்ணிற்குச் சற்றுக் கீழே கருகிய அடுக்கு ஒன்று வெளிப்பட்டது. 2025இல், நிகழ்ச்சியின் 140ஆம் ஆண்டு நிறைவின்போது, இறந்தோர் நினைவாக வெண்கலச் சிலை ஒன்று அவ்வூரில் நிறுவப்பட்டது.

நடுவர் குழு சான்று இல்லை என்றது. மண் சான்றைக் காத்து வைத்திருந்தது. ஆனால் மண்ணுக்கு முன்பே அதைக் கூறிய ஆவணம் ஒன்று உண்டு. சாம்பலின் அருகே அமர்ந்து, வாக்குரிமையும் குடியுரிமையும் அற்ற 559 பேர் கையொப்பமிட்டு அனுப்பிய அந்த விண்ணப்பமே அது. அதனை எழுதியோர் தம்மை எழுத்தாளர் எனக் கருதியிரார். நடந்ததை நடந்தவாறு, செய்தவரைச் செய்தவராகக் கூற வேண்டும் என்பது ஒன்றே அவர்கள் கொண்ட நோக்கம். ஊற்று வற்றிய அவ்வூரில் வற்றாது நின்றது அந்த எழுத்து.